எல்லோரும் அழுத்தினால்தான் அடுத்த டர்ன்! - சிவகாசி மண்ணில் ஒரு கூட்டு ஆட்டம்

வெடிமருந்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாளாகும்?

கம்ப்யூட்டரில் ‘சிவிலைசேஷன்’ ஆடும் பிள்ளைகளைக் கேட்டால், “பத்துப் பன்னிரண்டு டர்ன் ஆகும். ஊருக்கு ஊர் யுனிவர்சிட்டி கட்டி வெச்சிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிடும்” என்பார்கள். அதே கேள்வியைச் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போய்வரும் ஒரு அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். “கண்டுபிடிக்கிறதா பெருசு? அந்த மருந்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்கணுமே!” என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார்.

விளையாட்டு காட்டும் கணக்கு ஒன்று. ஊர் அறிந்த கணக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச ஒரு வழி இருக்கிறது. அந்த விளையாட்டைத் தனியாக ஆடாமல், வீட்டோடு சேர்ந்து ஆடுவது!

அவசரமில்லாத விளையாட்டு

மொபைல் கேம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது துப்பாக்கிச் சத்தமும், “ஒரு நிமிஷம்மா, இப்ப எந்திரிக்க முடியாது” என்ற கத்தலும்தான். சிவிலைசேஷன் அந்த ரகமல்ல. 1991-ல் அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. வடிவமைத்தவர்கள் சிட் மெயர், புரூஸ் ஷெல்லி. கி.மு. 4000-ல் ஆட்டம் தொடங்கும். குடியேறக் கிளம்பிய ஒரு சிறு கூட்டம்தான் கையில் இருக்கும். அதை வைத்து ஓர் ஊரை உண்டாக்கி, வயல், குளம், சந்தை, பள்ளிக்கூடம் என்று வளர்த்து, விண்வெளிக் கப்பல் வரை கொண்டுபோக வேண்டும்.

நம் ஊர் தாயம் மாதிரி இதிலும் முறை வைத்து ஆடுவதுதான். உங்கள் முறையில் வேண்டிய கட்டளைகளைக் கொடுத்துவிட்டு, ‘அடுத்த டர்ன்’ பொத்தானை அழுத்தினால் காலம் நகரும். இடையில் எழுந்துபோய்ச் சாப்பிடலாம், தோசை சுடலாம், ரேஷன் கடைக்கும் போய்வரலாம். யாரும் உங்களைச் சுடப்போவதில்லை.

2025 பிப்ரவரியில் வந்த ஏழாவது பதிப்பில் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் சந்தோஷம். சோழர்களை நம் தரப்பாக எடுத்து ஆடலாம். உலக அதிசயங்களின் வரிசையில் தஞ்சைப் பெரிய கோயிலையும் கட்டலாம்.

பெரும்பாலானவர்கள் இதைக் கம்ப்யூட்டருக்கு எதிராகத் தனியாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால், இந்த விளையாட்டின் நிஜமான ருசி கூட்டுச் சேர்ந்து ஆடும்போதுதான் தெரியும்.

ஆடுகள் ஜெயிப்பது எப்படி?

கூட்டாக யோசித்து ஆடும் விளையாட்டு நமக்குப் புதிதா என்ன? ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒற்றை ஆட்டால் ஒரு புலியையும் எதுவும் செய்ய முடியாது. ஓர் ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. அப்படியே எல்லா ஆடும் ஒன்றுக்கொன்று அணைவாக நின்று, புலி நகர வழியில்லாமல் மடக்கினால்தான் வெற்றி. கோயில் மண்டபத்துத் தரையில் கட்டம் கீறி ஆடியவர்களைச் சுற்றி, “அந்த ஆட்டை நகர்த்தாதே!” என்று யோசனை சொல்ல எப்போதும் நாலு பேர் நின்றிருப்பார்கள். அதுவும் கூட்டு ஆட்டம்தான்.

இந்தப் பகுதிக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. இன்று பட்டாசு ஆலைகள் நிறைந்திருக்கும் வெம்பக்கோட்டை வட்டாரத்தில், வைப்பாற்றங்கரையில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-ல் அகழாய்வைத் தொடங்கியது. மண்ணுக்குள்ளிருந்து சங்கு வளையல்களும் பாசிமணிகளும் வந்தன. கூடவே சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்களும் வந்தன. ‘உன் முறை, என் முறை’ என்ற பேச்சு அந்த ஆற்றங்கரையில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது.

சேர்ந்து ஆட மூன்று வழிகள்

முதல் வழி, கூட்டணி. ஆளுக்கொரு நாடு, ஆனால் எல்லோரும் ஒரே அணி. 2005-ல் வந்த நான்காவது பதிப்பில் இதற்கு அருமையான ஏற்பாடு உண்டு. அணியில் ஒருவர் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் அணி முழுவதற்கும் சொந்தம். ஒருவர் கண்ணுக்குத் தெரியும் நிலப்பரப்பு மற்றவர்களுக்கும் தெரியும். ஜெயித்தாலும் தோற்றாலும் சேர்ந்துதான்.

இரண்டாவது வழி, தொடர் ஓட்டம். ஒரே நாடு, ஒரே ஆட்டம். முதல் பத்து டர்ன் அக்கா ஆடுவார். சேமித்து வைத்துவிட்டு, ‘இதுவரை இதைச் செய்தேன், இந்தக் காரணத்துக்காகச் செய்தேன்’ என்று நாலு வரி எழுதி அடுத்தவரிடம் ஒப்படைப்பார். அடுத்த பத்து தம்பிக்கு. உலகெங்கும் உள்ள ரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஆடுகிறார்கள். ஒரே ஒரு போன் இருக்கும் வீட்டுக்குப் பொருத்தமான முறை இதுதான்.

மூன்றாவது வழி, மந்திரிசபை. ஒரு நாட்டை ஓர் அணி ஆளும். ஒருவருக்கு நிதி, ஒருவருக்குப் படை, ஒருவருக்குக் கல்வி. முடிவுகளைப் பேசி, தேவைப்பட்டால் ஓட்டுப் போட்டு எடுப்பார்கள். முடிவானதை ஒருவர் உட்கார்ந்து நிறைவேற்றுவார். எதிரில் இருப்பதும் இதேபோல் இன்னொரு மந்திரிசபை என்றால், ஆட்டம் மாதக்கணக்கில் போகும்.

இன்டர்நெட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடும்போது ஒரு விதி இருக்கிறது. நேரக்கெடு வைக்காவிட்டால், கடைசி ஆளும் ‘அடுத்த டர்ன்’ அழுத்தும் வரை உலகம் நகராது. வேகமாக முடித்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடியக் காத்திருப்பதுபோல!

எங்கே சண்டை வரும்?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் அண்ணன், சென்னை ஹாஸ்டலில் தங்கை, சாத்தூரில் ப்ளஸ் ஒன் படிக்கும் சித்தி பையன், துபாயில் மாமா. நாலு பேரும் ஓர் அணி.

முதல் சண்டை பெரும்பாலும் உலக அதிசயத்தில் வரும். பிரமிடு போன்ற ஓர் அதிசயத்தை உலகிலேயே ஒருவர்தான் கட்டி முடிக்க முடியும். அண்ணன் ரகசியமாகக் கட்ட ஆரம்பித்திருப்பார். தங்கையும் ஆரம்பித்திருப்பார். அண்ணன் முடித்த அன்று, தங்கை பத்து டர்ன் பார்த்த வேலையில் பெரும்பகுதி வீணாகும்.

“சொல்லியிருந்தா நான் நூலகம் கட்டியிருப்பேன்ல?”

“நீ கேட்டியா?”

எதிரி யாரும் வரவில்லை, ஒரு குண்டும் விழவில்லை. பேசிக்கொள்ளாததால் மட்டுமே வந்த நஷ்டம் அது.

இரண்டாவது சிக்கல், எல்லாம் தெரிந்த மாமா. “மாப்ள, நீ அங்க போகாத. இந்தக் குதிரைப் படையை இங்க நிறுத்து. அந்த ஊரை வித்துடு” என்று நாலு பேர் ஆட்டத்தையும் அவரே ஆடிவிடுவார். அணி ஜெயிக்கும். ஆனால், மற்ற மூவரும் மாமாவின் விரல்களாக மட்டும் இருந்திருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் யாருக்காவது தலைவலி வரும், யாருக்காவது பரீட்சை வரும்.

இதற்கு மருந்து, துறை பிரிப்பது. சித்தி பையன் கையில் கடல் என்றால் கடல் அவனுடையது. மாமா யோசனை சொல்லலாம்; முடிவு அவனுடையது. அவன் கப்பல் முழுகினால் முழுகட்டும். அடுத்த தடவை துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவான்.

மூன்றாவது, விட்டுக்கொடுப்பது. நல்ல ஆற்றங்கரை ஒன்றுதான் இருக்கிறது. தங்கையின் நாடு நெருக்கடியில் இருந்தால், அண்ணன் அந்த இடத்தை அவருக்கு விட வேண்டும். மதிப்பெண் பலகையில் அண்ணன் பெயர் கீழே போகும். அணி மேலே வரும். தனியாக ஆடிப் பழகியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

ரீஸ்டார்ட் இல்லாத ஆட்டம்

சிவிலைசேஷன் ஆடுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆரம்பத்தில் கிடைக்கும் நிலம் வறண்டதாக இருந்தால், ‘ரீஸ்டார்ட்’ அழுத்திவிடுவார்கள். ஆறு, காடு, இரும்பு எல்லாம் பக்கத்தில் இருக்கும் நிலம் வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார்கள்.

சிவகாசிக்கு அந்தப் பொத்தான் கிடைக்கவில்லை. கரிசல் மண், குறைந்த மழை, கடுமையான வெயில். விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத பூமி. 1922-ல் இந்த ஊரிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923 வாக்கில் இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். பயிருக்குப் பகையாக இருந்த அதே வறண்ட காற்று தீக்குச்சி காய்வதற்குத் தோதாக அமைந்தது.

இங்கிருந்து நடந்ததைப் பார்த்தால் விளையாட்டில் வரும் தொழில்நுட்ப வரிசை அப்படியே தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அச்சகம் வந்தது. தீக்குச்சி மருந்து தெரிந்த கைகளுக்கு மத்தாப்பு மருந்து தூரமில்லை. 1940-களில் லைசென்ஸ் முறையின் கீழ் பட்டாசு ஆலைகள் வளர்ந்தன. லேபிள் அச்சடித்த ஊர் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று நாடு முழுக்க அனுப்பியது. ஒன்று இன்னொன்றுக்குக் கதவு திறந்தது. கற்றுக்கொண்ட வித்தை அந்த இரண்டு பேரோடு நின்றிருந்தால் இரண்டு கம்பெனிகள் மட்டுமே வளர்ந்திருக்கும். பல குடும்பங்களுக்கும் கிராமங்களுக்கும் பரவியதால் ஒரு வட்டாரமே வளர்ந்தது. ஒருவர் கண்டுபிடித்தது அணிக்கே சொந்தம் என்ற விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிடி அரிசிக் கஜானா

கூட்டு ஆட்டத்தில் அடிக்கடி எழும் கேள்வி, ‘பொதுவுக்கு நான் எவ்வளவு தர வேண்டும்?’ என்பது. இந்த மாவட்டத்துக்காரர்கள் அதற்கு எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பெயர் மகமை.

வியாபாரத்தில் வரும் பணத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்குவது மகமை. ஒவ்வொருவருக்கும் அது சின்னத் தொகை. சேர்ந்தால் கோயிலாகும், கிணறாகும், பள்ளிக்கூடமாகும். விருதுநகர் விருதுபட்டியாக இருந்த காலத்தில், 1889-ல், அங்கே சத்திரிய வித்யாசாலை என்ற பள்ளி தொடங்கப்பட்டது. அந்தப் பள்ளிக்காக வீடுதோறும் தினமும் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் ‘பிடி அரிசி’ வழக்கமும் இருந்தது. 1903-ல் அதே ஊரில் பிறந்த காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். பிற்பாடு முதலமைச்சராகி மதிய உணவுத் திட்டத்தைப் பரவலாக்கியவர், ஒரு பிடி அரிசியின் பலத்தைச் சின்ன வயதிலேயே பார்த்தவர்.

விளையாட்டில் இதை அப்படியே செய்யலாம். ஒவ்வொரு பத்து டர்னுக்கும், ஒவ்வொரு நாடும் தன் தங்கத்தில் ஒரு பங்கை அணியில் பலவீனமானவருக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் போக்கே மாறும். பின்தங்கிய தம்பியின் நாடு எதிரிக்கு வாசலாக இருப்பது போய், அணிக்குக் கோட்டைச் சுவராக நிற்கும்.

திரை காட்டாத கணக்கு

இவ்வளவு சொல்லியும் ஒரு விஷயத்தை இந்த விளையாட்டு சொல்லித்தராது. அதை வீட்டில் உள்ள பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

திரையில் ஒரு சிறு உருவத்தை இழுத்து வயலில் வைத்தால் உணவு, சுரங்கத்தில் வைத்தால் இரும்பு. அந்த உருவத்துக்கு வயது கிடையாது, இருமல் கிடையாது, வீட்டில் காத்திருக்கும் பிள்ளை கிடையாது. நிஜத்தில், தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்த கதையில் பள்ளிக்குப் போக வேண்டிய சின்னக் கைகளும் இருந்தன. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அந்த மாவட்டம்தான் பிறகு ப்ளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் வந்தது.

விளையாட்டில் வெடிமருந்து ஒரு பொத்தான். நிஜத்தில் அது பல விதிகளால் கட்டப்பட்ட வேலை. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கிறது. ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்பவர்களுக்கு 2012 செப்டம்பர் 5-ம் தேதி பதில் சொல்லும். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் அன்று நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓர் அறையில் ஒருவர் காட்டும் அவசரம், பக்கத்து அறையில் இருப்பவரின் உயிர். கூட்டாக வேலை செய்வதன் முழு அர்த்தமும் இங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்த ஊர் இன்னொரு கடினமான கட்டத்தில் நிற்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. பச்சை நிற ஒளிக்குப் பேரியம்தான் ஆதாரம். புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கான வழிகளை சி.எஸ்.ஐ.ஆர் - நீரி ஆய்வகம் உருவாக்கிக் கொடுத்தது. டெல்லிக் குழந்தைகளுக்கு மூச்சு வேண்டும். சிவகாசித் தொழிலாளிக்குச் சோறு வேண்டும். ஒருவர் ஜெயித்து இன்னொருவர் தோற்கும் ஆட்டமாக இதை ஆடினால், இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

ஒரே பொருளை நம்பிய நகரம் விளையாட்டில்கூடத் தடுமாறும். தீப்பெட்டியிலிருந்து அச்சுக்கும் பட்டாசுக்கும் தாவிய ஊருக்கு அடுத்த கதவு எது என்று வீட்டுப் பிள்ளைகள் யோசித்தால் நல்லதுதானே? ‘நம்ம ஊர்ல இனிமே என்ன ஆராய்ச்சி பண்ணலாம்?’ என்று ஆட்டத்தின் நடுவே கேட்டுப் பாருங்கள். பதில்கள் உங்களையே ஆச்சர்யப்படுத்தலாம்.

வீட்டில் தொடங்க சில யோசனைகள்

* காசு செலவழிக்க வேண்டியதில்லை. ‘அன்சிவ்’ என்ற இலவச ஆண்ட்ராய்டு விளையாட்டு, ஐந்தாவது சிவிலைசேஷனைத் தழுவி ஆர்வலர்கள் உருவாக்கியது. விளம்பரம் இல்லை. சாதாரண போனிலும் ஓடும். கம்ப்யூட்டர் இருந்தால், 1995-ல் டென்மார்க் மாணவர்கள் மூவர் தொடங்கிய ‘ஃப்ரீசிவ்’ இருக்கிறது.

* முதலில் தொடர் ஓட்ட முறையில் ஆடுங்கள். ஆளுக்குப் பத்து டர்ன். குறிப்பு எழுதாமல் போனைக் கைமாற்றக் கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தமிழிலேயே எழுதலாம். வாய்ஸ் நோட்டும் செல்லும்.

* சின்ன வரைபடம், வேகமான ஆட்டம் என்று தேர்ந்தெடுங்கள். ஆறாவது பதிப்பில் சாதாரண வேகம் என்றால் 500 டர்ன். தினம் ஒரு டர்ன் ஆடினால் ஒன்றேகால் வருடத்துக்கு மேல் இழுக்கும்! ‘ஆன்லைன்’ வேகம் 250 டர்னில் முடியும்.

* ‘இன்னும் ஒரே ஒரு டர்ன்’ என்ற ஆசை இந்த விளையாட்டின் பெரிய ஆபத்து. இரவு ஒன்பதரைக்குக் கடை மூடப்படும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* பந்தயப் பணம் கட்டி ஆடும் எதையும் தொடாதீர்கள். மத்திய அரசின் 2025-ம் ஆண்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இங்கே நாம் பேசுவது பணப் பந்தயம் இல்லாத விளையாட்டு. முகம் தெரியாதவர்களைச் சேர்க்காமல், சொந்தபந்தங்களோடும் வகுப்புத் தோழர்களோடும் மட்டும் ஆடச் சொல்லுங்கள்.

* தாத்தா பாட்டியை விட்டுவிடாதீர்கள். பொத்தான் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “குளம் முதல்ல, கோட்டை அப்புறம்” என்று சொல்ல அவர்களைவிட ஆள் கிடையாது. மந்திரிசபையில் நீர்வளத் துறை அவர்களுக்குத்தான்.

கடைசியாக ஒரு விதி. ‘அடுத்த டர்ன்’ அழுத்தும் முன் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “உங்களுக்கு என்கிட்டேருந்து ஏதாவது வேணுமா?” தங்கம், அரிசி, படை, இல்லையென்றால் கொஞ்சம் நேரம்... எதுவாகவும் இருக்கலாம்.

துபாய் மாமாவிடமிருந்து அந்தக் கேள்வி வந்தால் மட்டும், புது போன் வேண்டும் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அது ஆட்டத்தில் சேராது!